மலைக்கும் கடலுக்கும் உறவு உண்டு

எஹலியகொடை மக்களுக்குக் கடல் ஆராய்ச்சியால் ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் கரையும் மண்ணையும் மாணிக்கக் குழிகளின் சேற்றையும் சுமந்தே களுகங்கை களுத்துறையில் கடலோடு கலக்கிறது. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இந்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன.

பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இயற்கை வளங்களைப் பற்றிக் கற்பிக்கிறது. மாத்தறையில் றுகுணுப் பல்கலைக்கழகம் கடல் விஞ்ஞானம் போதிக்கிறது. இவ்விரண்டும் கைகோத்து, ஆற்றை ஊற்றிலிருந்து கழிமுகம் வரை ஆராய்தல் வேண்டும். கண்டறிந்தவற்றைக் கமக்காரரும் லயன்களில் வாழ்வோரும் உணருமாறு தமிழிலும் வெளியிடல் வேண்டும். சரிவு வரும் என்ற எச்சரிக்கை புரியாத மொழியில் வந்து பயனென்ன? தோட்டத்துப் பிள்ளைகளும் இத்துறைகளில் பயில வழிசெய்க! மண்ணில் உழைப்போருக்கே அம்மண்ணைப் பற்றிய அறிவில் முதலுரிமை உண்டு.