ஒரே கடலுக்கு இரண்டு சட்டமா?



பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் ஜி.எஸ்.டி. ரோட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கப்பலைப் பற்றி இரண்டு விதமான நோட்டீசுகள் கண்ணில் படும். ஒன்று, "உல்லாசக் கப்பலில் வாருங்கள், கவலையை மறங்கள்" என்று அழைக்கிறது. மற்றொன்று, "கப்பலில் வேலை, உடனே பாஸ்போர்ட்டுடன் வரவும்" என்று அழைக்கிறது. முதல் நோட்டீசு காசு வைத்திருப்பவனுக்கு. இரண்டாவது நோட்டீசு நம் வீட்டுப் பையனுக்கு. இருவரும் ஏறப்போவது ஒரே கப்பல். ஆனால் அந்தக் கப்பலில் ஏற இருவரிடமும் கேட்கப்படும் காகிதம் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2023 ஜூன் 5-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் பெரிய வைபவம் நடந்தது. மத்திய கப்பல் துறை மந்திரி சர்பானந்த சோனோவால் வந்து கொடியசைத்தார். 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களைச் சுற்றிக்காட்டிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் ஏற்பாடு. பிரயாணிகள் சுகமாக ஏறி இறங்குவதற்காக 17 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் தனி முனையமும் கட்டப்பட்டது. இந்தப் பிரயாணிக்கு என்ன காகிதம் வேண்டும்? செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். இலங்கையின் நுழைவு அனுமதி வேண்டும். அவ்வளவுதான். வெளிநாட்டுக் கரையைத் தொடாமல் உள்நாட்டுத் துறைமுகங்களுக்குள் சுற்றும் பிரயாணமாக இருந்தால் பாஸ்போர்ட்டும் வேண்டாம். ஆதார் அட்டையோ ஓட்டர் அட்டையோ போதும். 2023 நவம்பரில் இலங்கை சர்க்கார் இந்தியர்களுக்கு விசாக் கட்டணத்தையும் தள்ளிவிட்டது.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். கடலைப் பார்ப்பதும் அண்டை நாட்டு மக்களோடு பழகுவதும் குற்றமா? பஞ்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பவனுக்கும் வெயிலில் களை பறிப்பவளுக்கும் ஒரு நாள் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும் என்றுதான் நாம் சொல்கிறோம். நம் ஆட்சேபம் கப்பல் மேல் அல்ல. காகிதத்தை இளக்க முடியும் என்று ஆட்சியாளருக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் காசைக் கண்டால் மட்டும்தான் அது இளகுகிறது. ஆட்சேபம் அங்கேதான்.

ஒரு சான்று பாருங்கள். மின் விசா பெற்று வரும் வெளிநாட்டுக்காரன் நம் நாட்டுக் கரையில் கால் வைக்கும்போது விரல் ரேகை பதிய வேண்டும் என்பது விதி. உல்லாசக் கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், வரிசையில் நின்றால் முகம் சுளிப்பார்கள் என்று கப்பல் தொழிலுக்குக் கவலை. உடனே 2017-ல் உத்தரவு வந்தது: மின் விசாவோடு உல்லாசக் கப்பலில் வருவோருக்கு 2020 டிசம்பர் 31 வரை ரேகை பதிவிலிருந்து விலக்கு! தேசப் பாதுகாப்பு அந்த மூன்று வருஷமும் ஆபத்தில்லாமல் இருந்தது போலிருக்கிறது. நாற்று நட்டு நட்டு ரேகையே தேய்ந்துபோன பாட்டி ரேஷன் கடை எந்திரத்தில் விரலை வைத்து, அது ஏற்காமல், துடைத்து மறுபடி வைக்கிறாளே, அவளுக்கு இந்த விலக்கை எந்த மந்திரியும் தேடிக்கொண்டு ஓடி வரவில்லை.

இனி, அந்தக் கப்பலில் தட்டு கழுவுகிறவனைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. அந்நாட்டுப் பிரஜை ஒருவர் அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலேறி, பக்கத்துத் தீவுகளைச் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பினால், அவருக்குப் பாஸ்போர்ட் அவசியமில்லை. பிறப்புச் சான்றிதழும் ஒரு சர்க்கார் அடையாள அட்டையும் போதும். அதே கப்பலில் அவருக்குச் சோறு பரிமாறும் இந்தியத் தொழிலாளிக்கோ பாஸ்போர்ட் வேண்டும், கப்பல் பணிப் புத்தகம் வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள் வேண்டும், வைத்தியச் சான்றிதழ் வேண்டும், இதற்கெல்லாம் மேலே அமெரிக்கத் தூதரக வாசலில் நின்று கப்பல் பணியாளர் விசாவும் வாங்க வேண்டும். 2023-ல் அதற்குக் கட்டணம் 185 டாலர். இவ்வளவும் இருந்தும், கரையில் இறங்கி நாலடி நடக்க அந்த ஊர் அதிகாரி தனியாக அனுமதி தர வேண்டும். தராவிட்டால், பிரயாணிகள் கடற்கரையில் குளிப்பதைக் கப்பல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாலுமிக்குக் கரையிறங்க விசா கேட்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2003-லேயே 185-வது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. மாலுமிக்கென்று தனி அடையாளச் சீட்டு. அது இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டு, நம் மாலுமிகளின் ரேகையையும் முகத்தையும் பதிந்து சீட்டும் கொடுத்தது. உல்லாசக் கப்பல் வியாபாரத்தின் தாயகமான அமெரிக்கா அதில் கையெழுத்துப் போடவில்லை. ரேகையைக் கொடுத்தவன் தொழிலாளி. சலுகையைக் கொடுக்க மறுத்தவன் பெரிய நாட்டுக்காரன்.

இந்த ஏற்பாட்டின் உண்மை முகம் 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தெரிந்தது. 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பலில் கொரோனா தொற்று புகுந்தது. கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். பிரயாணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? கப்பல் தொழிலாளிகள். தனிமைப்படுத்தல் அவர்களுக்கு இல்லை, வேலை இருந்தது. அங்கிருந்த இந்தியர் 138 பேரில் பிரயாணிகள் ஆறே பேர். மீதி 132 பேரும் தொழிலாளிகள். காகிதம் எல்லாம் சரியாக வைத்திருந்தவர்கள்தான்!

இந்த இடத்தில் நம் பையன்களுக்கு ஒரு விஷயம். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜண்டு "விசாச் செலவுக்கு இவ்வளவு, கம்பெனிக்கு இவ்வளவு" என்று கணக்குச் சொல்வான். 2006-ம் வருஷக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, பாஸ்போர்ட், பணிப் புத்தகம், வைத்தியச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவைத் தொழிலாளி தலையில் கட்டலாம். ஆனால் விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. வேலை வாங்கிக் கொடுத்ததற்குத் தொழிலாளியிடம் கமிஷன் வாங்கவே கூடாது. இந்தியா 2015-ல் இதையும் ஏற்றிருக்கிறது. அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைப்பதற்கு முன்னால் ஏஜண்டிடம் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். லைசென்சு நம்பரையும் கேளுங்கள்.

கப்பலில் வேலை செய்பவனுக்குக் காகிதம் கூட்டி, காசு செலவழிப்பவனுக்குக் குறைப்பது இன்று நேற்று வந்த வழக்கமா? நம் ஊரையொட்டி ஓடும் ரயில் பாதையைக் கேட்டால் அது பதில் சொல்லும்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியாக தனுஷ்கோடி வரை போட் மெயில் ஓடத் தொடங்கியது. அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு மறு ரயில். சென்னையிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். பாஸ்போர்ட், விசா என்ற பேச்சில்லை. ஆனால் கங்காணி பிடித்துக்கொண்டு போன தோட்டத் தொழிலாளி மட்டும் மண்டபத்தில் நிறுத்தப்பட்டான். இலங்கை சர்க்கார் நம் மண்ணிலேயே நடத்திய முகாம் அது. துணியை அவித்து, ஊசி குத்தி, நாட்கணக்கில் அடைத்து வைத்து, பெயரும் அடையாளமும் எழுதிக்கொண்டுதான் கடலைத் தாண்ட விட்டார்கள். காலரா வகுப்புப் பார்த்து வருமா? முதல் வகுப்புப் பெட்டிக்கு வராதா?

தேயிலைக் காட்டை அவன் உழைப்பு மலைமலையாக வளர்த்த பிறகு, 1948-ல் இலங்கை சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்து அவனை நாடற்றவனாக்கியது. 1949-ல் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த பாதையில் அவன் ஒரே இரவில் 'கள்ளத்தோணி' ஆனான். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை கணக்கில் பங்கிட்டார்கள். 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாக்கி வைத்தார்கள். பங்கிடப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. அன்று திரும்பி வந்தவர்களை வரவேற்றதும் அதே மண்டபம் முகாம்தான்.

மண்டபம் முகாம் இன்னும் மூடப்படவில்லை. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது, மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறி, தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன. முதலில் வந்த சிலர் மேல் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்ததாக வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள்; பிறகு மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் ஜூனில் சென்னையில் உல்லாசக் கப்பலுக்கு நம் முதலமைச்சர் கொடியசைத்தார். அடுத்த வருஷம் அந்தக் கப்பல், அகதிகள் விட்டுவந்த திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் பாட்டுக் கச்சேரியோடு போய்ச் சேர்ந்தது.

1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல் இருப்பதாக 2021-ல் அரசே கணக்குச் சொன்னது. நாற்பது வருஷம் ஆகியும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2019-ல் பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று நாட்டு அகதிகளைச் சேர்த்தார்கள், இவர்களைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டம், பாஸ்போர்ட் இல்லாமல் நுழைபவனுக்கு ஐந்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அத்துடன் வந்த உத்தரவு, பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தருகிறது. எதுவரை வந்தவர்களுக்கு? 2015 ஜனவரி 9 வரை. 2022-ல் பசித்து வந்தவன் அந்தத் தேதிக்கு அப்பால் நிற்கிறான்.

சரி, திரும்பிப் போகலாமே என்பார்கள். 2025-ல் ஒரு முதியவர், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் முறைப்படி பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கினார். பல வருஷங்களுக்கு முன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது முறையான துறைமுகம் வழியாக வெளியேறவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள்! குண்டு விழும்போது எந்த அதிகாரி முத்திரையோடு உட்கார்ந்திருந்தான் என்று கேட்க வேண்டாமா?

"சட்டம் எல்லோருக்கும் ஒன்று, காகிதம் இல்லாதவனை விட்டால் எவன் வேண்டுமானாலும் வருவான்" என்பது கனவான்களின் வாதம். எல்லையில் யார் வருகிறார் என்று ஒரு நாடு பார்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வந்தவனைப் பதிந்துகொள், விசாரி, காகிதம் கொடு. விரல் ரேகையிலிருந்து மூன்று வருஷம் விலக்களிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஒரு தேதியைத் தள்ளிவைக்கத் தெரியாதா? இலங்கை விசாக் கட்டணத்தை நீக்கியது போல், திரும்பி வரும் தன் மக்கள் மேல் போடும் வழக்கை நீக்க முடியாதா?

ஆகவே நம் சங்கக் கூட்டங்களில் பேச வேண்டிய கோரிக்கைகள் இவை. 2015 என்ற வரம்பை எடுத்து, அதன் பிறகு தஞ்சம் புகுந்து இங்கே தங்கியிருப்பவர்களையும் விலக்கில் சேர்க்க வேண்டும். முகாமில் பிறந்து, நம் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்குப் பிரஜா உரிமை கொடுக்க வேண்டும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் கிளம்பியது. அதில் கூலிக்காரனும் ஏறும்படி கட்டணம் இருக்க வேண்டும். விசாச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டும் கப்பல் ஏஜண்டின் லைசென்சை ரத்து செய்ய வேண்டும். அப்படிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தாம்பரம் வட்டாரத்தில் இருந்தால், ரசீதோ பணம் அனுப்பிய விவரமோ எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துக்குப் புகார் எழுத அது வேண்டும்.