விலை சொல்லி ஏற்றுங்கள்

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் சுமார் 16 கிலோமீற்றர். சென்னையிலிருந்து வந்திறங்கும் வியாபாரி நம் மண்ணில் முதலில் விசாரிக்கும் விலை, வாகன வாடகைதான்.

வாடகை கூடுதலென்று சாரதிகளை நான் குறை கூறமாட்டேன். சில விமானங்களே வருமிடத்தில், காத்துக் கிடக்கும் நேரத்துக்கும் வெறும் வண்டியாக ஓடும் தூரத்துக்கும் சேர்த்தே அவர் கூலி கேட்கிறார். விற்பனை குறைந்தால் இலாபம் கூட்டி விற்பது நமக்கும் தெரிந்ததே. ஆனால் ஆளுக்கொரு விலை சொன்னால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

கட்டுநாயக்காவில் கருமபீடத்தில் வாடகையை அறிந்து ஏறலாம். சிறிய நிலையங்களுக்கும் வாசலில் விலைப்பலகை, கையில் பற்றுச்சீட்டு, ஆசனக் கணக்கில் ஒரு வேன் போதும். கல்முனை, நாவிதன்வெளிப் பக்கத்தாருக்கு அண்மையிலுள்ள மட்டக்களப்பு நிலையம் 2018இல் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கும் இந்த ஒழுங்கை நமது வர்த்தக சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.