அளந்த பிறகு ஏற்றுவோம்

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். அப்படி ஊரும்போது இருபுறமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். தென்காசி நகராட்சியின் எல்லை முடியும், மேலகரம் பேரூராட்சி வரும், அதைத் தாண்டினால் குற்றாலம் பேரூராட்சி. பழைய ஓட்டு வீடு ஒன்று. அதை ஒட்டி நான்கு மாடித் தங்கும் விடுதி. அடுத்து, கம்பிவேலி போட்டுப் பல வருடங்களாகப் புல் மண்டிக் கிடக்கும் மனை. அதற்கும் அப்பால், வருடத்தில் பத்து நாள் மட்டும் விளக்கெரியும் வெளியூர்க்காரர் பங்களா. இந்த நான்கையும் பதிவேட்டில் ஏற்றி, நான்குக்கும் நியாயமான வரிக் கேட்பு போடுவதுதான் உள்ளாட்சி வருவாய்ப் பணியில் இருக்கும் நம் தொழில். அந்த வேலையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

சொத்துக்கு வரி போடலாமா என்ற விவாதம் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. பிரேசில் தலைமையில் 2024-ல் ஜி-20 நாடுகள் கூடியபோது, பெரும் கோடீஸ்வரர்களின் சொத்தில் ஆண்டுக்கு 2 சதவீதமாவது வரியாக வரவேண்டும் என்று பொருளாதார அறிஞர் கேப்ரியல் சுக்மன் முன்வைத்த யோசனை அங்கே பேசப்பட்டது. அதே ஆண்டு வெளியான உலகச் சமத்துவமின்மை ஆய்வகத்தின் அறிக்கை, இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டின் ஒரு சதவீதத்தாரிடம் இருப்பதாகக் கணக்கிட்டது. டீக்கடையில் பேசினாலும் தொலைக்காட்சியில் பேசினாலும் இந்த விவாதம் டெல்லியைத்தான் சுற்றிவருகிறது.

டெல்லியில் அந்த வரி இருந்தது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956-ல் இங்கு வந்து கொடுத்த அறிக்கையை ஒட்டி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957-ல் செல்வ வரிச் சட்டம் பிறந்தது. வருமானம் தராத சொத்துகூட அதை வைத்திருப்பவருக்கு ஒரு சக்தியைத் தருகிறது, அந்தச் சக்திக்கும் வரி உண்டு என்பது கால்டாரின் வாதம். சரியான வாதம் என்றே நாமும் நினைக்கிறோம். ஆனால் விலக்குமேல் விலக்கு கொடுத்து அந்த வரி இளைத்துப்போனது. 1993-லிருந்து பங்குகளும் தொழிலுக்கான சொத்துகளும் வெளியே போய்விட்டன. கடைசியில் மிஞ்சியவை நகர்ப்புற மனை, கூடுதல் வீடு, நகை, கார் போன்றவைதான். 30 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம். 2013-14-ல் நாடு முழுவதும் சேர்ந்த தொகை 1,008 கோடி ரூபாய். 2015 நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள்மீது 2 சதவீதக் கூடுதல் தீர்வை போட்டார். நம் சாலையோரத்து நான்கு மாடி விடுதி, தொழிலுக்கான கட்டடம் என்பதால், 1993-க்குப் பிறகு அந்த வரி உயிரோடு இருந்தபோதும் அதன் வலையில் விழுந்திருக்காது. இதை நம் துறையினர் மறக்கக் கூடாது.

ஆக, இன்று இந்தியாவில் ஒருவரின் சொத்தைப் பார்த்து ஆண்டுதோறும் போடப்படும் வரி என்று முக்கியமாக எஞ்சியிருப்பவை உள்ளாட்சியின் சொத்து வரியும் காலிமனை வரியும்தான். வாரிசுச் சொத்து வரியும் 1985-லேயே போய்விட்டது. சுவிட்சர்லாந்தில் செல்வ வரியை விதிப்பது மாகாணங்களும் ஊராட்சிகளும்தான், மத்திய அரசு அல்ல என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சொத்து எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். நம் வருவாய் ஆய்வாளருக்கும் வரித்தண்டலருக்கும் தெரிவது டெல்லிக்குத் தெரியாது.

அரசியல் சட்டமும் நமக்குக் கைகொடுக்கிறது. நிலம், கட்டடம் மீதான வரி மாநிலப் பட்டியலின் 49-ஆம் பதிவு. 1966-ஆம் ஆண்டின் சென்னை நகர்ப்புற நிலவரிச் சட்டம் சந்தை மதிப்பின்மீது வரி போட்டபோது, அது மத்திய அரசின் அதிகாரத்தில் நுழைவது என்று பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை தொடர்பான வழக்கில் வாதிட்டார்கள். 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலத்தின்மேல் நேராக விழும் வரியை அதன் மதிப்பை வைத்துக் கணக்கிட மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது. எனவே அதிகாரம் இல்லை என்று நாம் கைவிரிக்க முடியாது.

அப்படியிருந்தும் நாடு முழுவதிலும் சேரும் சொத்து வரி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கால் சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இதை உயர்த்த நம் மாநிலத்தில் நடந்த முயற்சியைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி வரி உயர்வு அறிவிப்பு வந்தது. பதவியேற்ற சில வாரங்களிலேயே தென்காசி நகர்மன்றம் முதல் சிறிய பேரூராட்சி மன்றம் வரை எல்லோரும் அதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிவரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100, வணிகக் கட்டடத்துக்கு 100. பெரிய வீட்டுக்குப் பெரிய ஏற்றம் என்ற இந்த வரிசை நல்ல வரிசை. 2018-ல் குடியிருப்புகளுக்கு ஒரே மூச்சில் 50 சதவீதம் ஏற்றிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2019-ல் நிறுத்திவைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிறிய வீட்டைக் குறைவாகத் தொட்டது சரியான முடிவு என்பதில் நமக்கு ஐயமே இல்லை.

பிரச்சினை அதற்குப் பின்னால் வருகிறது. 15-ஆவது நிதிக் குழு, மானியம் வேண்டுமென்றால் மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஈடாகச் சொத்து வரியும் வளரவேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதன் தொடர்ச்சியாக 2024-ல் 6 சதவீத உயர்வு வந்தது. இது எல்லாக் கேட்பின்மீதும் ஒரே மாதிரி ஏறும் சதவீதம். பதிவேடு சரியாக இருந்தால் இதில் குற்றமில்லை. பதிவேடு சரியில்லாவிட்டால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒழுங்காக அளக்கப்பட்ட ஒரு சிறிய வீட்டுக்கு அரையாண்டு வரி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருக்கும் விடுதிக்கு 20,000 வரவேண்டும். ஆனால் தரைத்தளம் மட்டும் இருந்த காலத்தில், குடியிருப்பு என்று எழுதிய பதிவு மாறவேயில்லை. கேட்பு 2,000 ரூபாய். 6 சதவீதம் ஏற்றினால் வீட்டுக்காரருக்கு 30 ரூபாய் கூடும், விடுதிக்கு 120. நமக்கு வராமல் போகும் 18,000 ரூபாய் 19,080 ஆகும். ஆண்டுதோறும் இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு ஆண்டில் எல்லாமே இரட்டிக்கும். வீட்டுக்காரர் 1,000 கட்டுவார், விடுதி 4,000 கட்டும், ஓட்டை 36,000 ஆகியிருக்கும். அளவு தவறாக இருக்கும் இடத்தில் சதவீதத்தை ஏற்றினால், உண்மையைச் சொன்னவர்மேல் பாரமும் மறைத்தவருக்கு லாபமும் சேர்ந்தே வளரும். நம் கையெழுத்தோடு வளரும்.

பரப்பு, தெருவின் மண்டலம், கட்டுமான வகை, பயன்பாடு, கட்டடத்தின் வயது ஆகியவற்றை வைத்து ஆண்டு மதிப்பைக் கணிக்கிறோம். இவற்றில் தவறு அதிகம் பதுங்குவது பரப்பிலும் பயன்பாட்டிலும்தான். குற்றாலத்தைச் சுற்றி இது இரட்டிப்பு உண்மை. வீடு என்று அனுமதி வாங்கி, சீசனில் நாள் வாடகைக்கு விடும் அறைகள் எத்தனை என்பது அந்தந்த வார்டு வரித்தண்டலருக்குத் தெரியாத ரகசியமில்லை. மாடிமேல் தகரக் கொட்டகை போட்டு நடக்கும் உணவுக் கூடமும் அப்படித்தான். தெரிந்ததைப் பதிவேட்டில் ஏற்ற அவருக்கு ஆள்பலமும் இல்லை, பின்னால் நிற்கும் அதிகாரியும் பல நேரம் இல்லை. பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பக் கூடாது.

எல்லைச் சிக்கலும் உண்டு. பேரருவியும் ஐந்தருவியும் ஒரு நிர்வாகத்தில், பழைய குற்றாலம் அருவி ஆயிரப்பேரி ஊராட்சியில். இலஞ்சி தனிப் பேரூராட்சி. மத்தளம்பாறை ஊராட்சியில் 2011-லிருந்து சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமும் ஆயிற்று. நிலத்தின்மேல் வெளியூர்ப் பணம் இறங்குவதற்கு இவ்வளவு காரணங்கள் இருக்கும்போது, ஊராட்சியின் வீட்டு வரி ஒரு கணக்கு, பேரூராட்சியின் சொத்து வரி வேறு கணக்கு, நகராட்சியுடையது இன்னொன்று. வயலாக இருந்து மனையாகி, மனையிலிருந்து சொகுசு விடுதியாகும் நிலம், எந்தப் பதிவேட்டிலும் முழுதாக விழாமல் நடுவில் நின்றுவிடுகிறது. தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம், சுற்றியுள்ள ஊராட்சிகள் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அளவீட்டுக் குழுவை மாவட்ட நிர்வாகம் அமைக்க வேண்டும். வரியும் வசூலும் அவரவருடையதாகவே இருக்கட்டும், அளவு மட்டும் ஒன்றாகட்டும். பதிவுத் துறையின் கிரயப் பத்திரங்களும் மின் இணைப்பின் கட்டண வகையும் அந்தக் குழுவின் மேசைக்கு வந்தாலே பாதி மறைவு வெளுத்துவிடும்.

முழுவதையும் மூலதன மதிப்புக்கு மாற்றிவிடலாமே என்று நம் இளைய அதிகாரிகள் சிலர் கேட்கிறார்கள். மும்பை 2010-ல் அந்த வழிக்குப் போனது, அதன் விதிகள் பற்றிய வழக்கு 2022 வரை உச்ச நீதிமன்றத்தில் நீண்டது. நம் ஊரில் அதற்கு வழிகாட்டி மதிப்பைத்தான் பிடித்தாக வேண்டும். அதுவோ 2017-ல் ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைந்தது, 2023-ல் ஒரே உத்தரவில் பழைய நிலைக்குத் திரும்பியது. அப்படி ஆடும் முளையில் குடியிருக்கும் வீட்டின் வரியைக் கட்டக் கூடாது என்பது நம் கருத்து. ஆனால் புல் முளைத்துக் கிடக்கும் மனைக்கும், பூட்டியே கிடக்கும் பங்களாவுக்கும் மதிப்பை ஒட்டிய வரி பொருந்தும். கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீடுகளுக்குத் தனி வரி வாங்குகிறது. அடுத்த ஆண்டே அந்த மாகாண அரசும் தன் பங்குக்கு ஒன்று போட்டது. சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் ஊர் போட்டுக்கொடுக்க, மனை மட்டும் சும்மா இருந்து விலையேறுகிறது என்றால் அந்த ஏற்றத்தில் ஊருக்கும் பங்குண்டு.

எதிர்த் தரப்பின் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். சீசன் மூன்று மாதம்தான், மழை பொய்த்தால் அருவி வறண்டு அறைகள் காலி, மழை கொட்டினால் குளிக்கத் தடை, அப்போதும் அறைகள் காலி என்கிறார்கள் விடுதிக்காரர்கள். உண்மைதான். அதற்காக அளவைக் குறைத்து எழுத முடியாது, தவணை கொடுக்கலாம். தென்காசியின் பழைய தெருக்களில் முன்னோர் கட்டிய பெரிய வீட்டில் ஓய்வூதியத்தை மட்டும் நம்பித் தனியே இருக்கும் முதியவர்கள் இன்னொரு தரப்பு. 1,800 சதுர அடிக்கு மேல் என்பதால் அவர்கள்மீது 100 சதவீத ஏற்றம் விழுந்தது. வீடு பெரிது, கை வெறுமை. அதே கனடிய மாகாணத்தில் 55 வயதைக் கடந்தவர்கள் வரியைத் தள்ளிவைத்து, வீடு விற்கும்போதோ கைமாறும்போதோ கட்ட வழி இருக்கிறது. அதற்கு நம் விதிகளிலும் இடம் செய்யலாம். பெயர் மாற்றத்துக்கு வரும்போது நிலுவையை வசூலிப்பது நமக்குப் புதிய வேலையில்லை.

இனி செலவு. வரிக் கூட்டத்தில் மக்கள் கேட்பது சதவீதத்தைப் பற்றி அல்ல. "கட்டினேனே, என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். குற்றாலம் பேரூராட்சியில் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். சீசனில் வந்துபோகிறவர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் விட்டுப்போகும் குப்பையை அள்ளுவதும், கழிப்பறையைக் கழுவுவதும், விளக்கெரிப்பதும் அந்தச் சிறிய ஊரின் தலையில். வாகனக் கட்டணமும் கடை ஏலமும் ஓரளவு தாங்குகின்றன. மாநில வரி வருவாயிலிருந்து வரும் 10 சதவீதப் பகிர்வில் ஊருக்குரிய பங்கு இன்னும் ஓரளவு. வருகிறவர்களால் வளரும் சொத்து விடுதிகள்தான். அவை முழு அளவில் வரி கட்டாதவரை, விருந்தினருக்காகும் செலவை வீட்டுக்காரர்தான் சுமக்கிறார்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். வெள்ளத்துக்கு எந்த எல்லையும் கிடையாது. மேலே மழை பெய்வதைக் கீழே குளிப்பவருக்குச் சொல்லும் கருவி, அதைக் கவனிக்க ஓர் ஆள், இரவும் பகலும் சம்பளம். இவை செலவுத் தலைப்புகள். வரியை மறுக்கிறவரிடமும் நம்மிடமும் இந்த ஒரு நாளை வைத்துப் பேசலாம். எதற்காக வரி வாங்குகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

2022 நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்தில், பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. வார்டில் எவ்வளவு கேட்பு, எவ்வளவு வசூல், எவ்வளவு நிலுவை, அந்த வார்டில் எந்த வாய்க்காலுக்கும் எந்தத் தெருவுக்கும் எவ்வளவு செலவு என்பதை ஒரே தாளில் அச்சடித்து அந்தக் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். அதையே கேட்பு அறிவிப்பின் பின்பக்கத்திலும் அச்சிடலாம். பின்பக்கம் இப்போது வெறுமையாகத்தானே இருக்கிறது. பெரும் நிலுவைதாரர்களின் கட்டட வகையும் தொகையும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஓட்டு வீட்டுக்காரர் தன் 500 ரூபாய்க்கு மேலே விடுதியின் கேட்பையும் பார்க்கட்டும். அப்போது மன்றத்தில் வரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

இந்த இதழைப் படிக்கும் ஆணையர்கள், செயல் அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள், வருவாய் ஆய்வாளர்கள், வரித்தண்டலர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறோம். இந்த அரையாண்டு முடிவதற்குள் உங்கள் எல்லைக்குள் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கி, வீடு, விடுதி, கடை, மனை எதையும் விடாமல் அளந்து, பதிவேட்டில் உள்ளதற்கும் நேரில் உள்ளதற்கும் வித்தியாசத்தைக் குறியுங்கள். உரிமையாளர் பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம், இரண்டு தொகைகள் மட்டும் போதும். எங்களுக்கு அனுப்புங்கள். வந்தவை அனைத்தையும் அடுத்த இதழில் வெளியிடுவோம்.