அசடு வேஷம்

திருநெல்வேலிச் சீமையில் திருவிழாக் கூட்டம் பார்த்தவனுக்குச் சூதாட்டத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, "ராணி எது?" என்று ஒருவன் கூவுவான். முதலில் ஓர் ஆசாமி பணம் வைத்து ஜெயிப்பான். அவன் கடைக்காரனின் மைத்துனன். அங்கே ஜெயிக்கிறவன் நடிகன். கோவாவில், மாண்டவி ஆற்றில் மிதக்கும் காஸினோக் கப்பல்களில் சங்கதி தலைகீழ். ஜெயிக்கத் தெரிந்தவன்தான் நடிக்க வேண்டியிருக்கிறது.

பிளாக்ஜாக் என்பது இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்கும் ஆட்டம். போன சீட்டுகளை நினைவில் வைத்தால் மிச்சக் கட்டில் இருப்பதை ஊகிக்கலாம் என்று எட்வர்டு தார்ப் என்ற கணித வாத்தியார் 1962-இல் புத்தகமே போட்டுவிட்டார். கையில் இரண்டு பத்து, மொத்தம் இருபது. அதைப் பிரித்து இரண்டு கையாக எவனாவது ஆடுவானா? அசடு ஆடுவான். அல்லது, மிச்சக் கட்டில் பத்துகள் மண்டிக் கிடக்கின்றன, சீட்டுப் போடுகிறவன் முன்னே ஐந்தோ ஆறோ இருக்கிறது என்று கண்டுகொண்ட கணக்கன் ஆடுவான். அசடுக்கு ராஜோபசாரம். கணக்கன் தோளில் ஒரு கை விழும்.

"வே, பிரிக்கும்போது குடிகாரன் மாதிரி உளறும். 'மனசு சொல்லிச்சு'ன்னு சொல்லும். நடுவிலே ரெண்டு கை தப்பா ஆடித் தோத்துக் காட்டும்" என்று கோவா போய் வந்த அண்ணாச்சி ஒருவர் எனக்கு உபதேசம் செய்தார். சீட்டு எண்ணுகிறவனுக்குக் கிடைக்கிற சாதகமே நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. அதையும் நடிப்புக்குக் கூலியாகக் கொடுத்துவிட்டால் அண்ணாச்சிக்கு ரயில் சத்தமாவது மிஞ்சுமா?

அமெரிக்காவில் கென் உஸ்டன் என்பவர் மாறுவேஷமெல்லாம் போட்டு ஆடிப் பார்த்தார். கடைசியில் வழக்குப் போட்டார். சீட்டு எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை வெளியேற்றக் காஸினோவுக்குத் தானாக அதிகாரம் கிடையாது என்று நியூ ஜெர்ஸி சுப்ரீம் கோர்ட் 1982-இல் சொல்லிற்று. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒரு கட்டுக்குப் பதிலாக எட்டுக் கட்டைக் கலந்து போட்டால் எண்ணுகிறவன் லாபம் கரைந்து போகுமே, அதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

திறமை, திறமை என்று நம்மூரில் எவ்வளவு வக்கீல் வாதம்! ரம்மி திறமையாட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1967-இல் தீர்ப்பளித்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே செல்போன் ரம்மிக் கம்பெனிகள் 2023-இல் சென்னை ஹைக்கோர்ட்டில் ரம்மியைத் தடையிலிருந்து மீட்டன. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதே கூடாது என்று 2025-இல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது வேறு கதை. ரம்மியில் கம்பெனிக்குக் கமிஷன். எவன் ஜெயித்தால் அதற்கென்ன? திறமையைப் புகழ்வதற்குக் காசா, பணமா? முதலாளியே எதிராளியாக உட்காரும் மேஜையில்தான் குட்டு வெளிப்படுகிறது. அங்கே மூளை உள்ளவன் சந்தேகப் பேர்வழி. யோசித்து ஆடுவது குற்றம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. கப்பல் ஏறும் பலகையருகே, "கணக்குத் தெரிந்தவர்களுக்கு அனுமதி இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். டிக்கெட் வாங்கும் முன்னே நம் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.