சோளிங்கர் யார் கணக்கில்?

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்திய ராணுவத்தை மறுசீரமைத்தபோது மதராஸ் காலாட்படை மறைந்துபோனதற்குக் காலியான கஜானாதான் காரணம், இதில் இனவெறுப்பைத் தேடுவது பிராந்தியப் புலம்பல் என்று சென்ற இதழில் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். தென்னாட்டுச் சிப்பாய் அதற்கு முன்பே போர்க்குணத்தை இழந்துவிட்டான், சண்டை என்று வந்தபோது ஓடினான், ஆள் கேட்டபோது வரவில்லை, ஆகவே கலைத்ததில் தவறில்லை என்று அடுத்தடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

செலவைக் குறைக்க வேண்டியிருந்தது உண்மை. இன்ச்கேப் பிரபுவின் குழு ராணுவச் செலவில் கை வைக்கச் சொன்னதும் உண்மை. ஆனால் சிக்கனம் என்பது எவ்வளவு வெட்ட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். யாரை வெட்ட வேண்டும் என்பதை முடிவு செய்தது எது? 1922இல் பழைய தனித்தனிப் படைகளைச் சேர்த்துக் கட்டி, 1 முதல் 20 வரை எண் கொடுத்துப் பெரிய ரெஜிமென்ட்களாக ஆக்கினார்கள். அதில் பஞ்சாப் என்ற பெயரில் மட்டும் ஆறு. மதராஸ் என்ற பெயரில் ஒன்று, மூன்றாம் எண். அந்த ஒன்றின் நிரந்தரப் பட்டாலியன்களும் 1920களின் முடிவுக்குள் ஒன்றுவிடாமல் கலைக்கப்பட்டன. (மதராஸ் பயனியர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் பயனியர் படைகள் எல்லாவற்றையும் கலைத்தார்கள், சீக்கியப் பயனியர்கள் உட்பட. அது வேறு கதை.) கஜானா எல்லோருக்கும் பொது. கத்தி மட்டும் ஏன் ஒரே கழுத்தைத் தேடி வந்தது என்பதற்குக் கட்டுரையில் பதில் இல்லை.

பதில் 1922இல் இல்லை, நாற்பது ஆண்டு முன்னால் இருக்கிறது. ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதி. அதன் பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. வங்காளப் படையில் வளர்ந்து, ஆப்கன் போரில் பேர் வாங்கியவர். ரஷ்யா வடமேற்கு எல்லை வழியாக வரப்போகிறது என்ற கவலையிலேயே வாழ்ந்தவர். நீண்ட அமைதியில் மதராஸ் சிப்பாய் மழுங்கிவிட்டான் என்று தன் நினைவு நூலில் எழுதிவைத்தார். ஒரு தளபதியின் இந்த அபிப்பிராயம் 'போர்க்குல இனங்கள்' என்ற கோட்பாடாக வளர்ந்து ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விதியாகவே ஆனது. எல்லைச் சண்டைக்குப் பெரும்பாலும் வடக்கத்திப் படைகள் போயின, மதராஸ் காலாட்படை ஊர்க்காவலில் கிடந்தது. பிறகு அதே படையைப் பார்த்து, உனக்குப் போர் அனுபவம் இல்லை என்றார்கள். பேர் வாங்க நினைத்த இளம் ஆங்கிலேய அதிகாரி பஞ்சாப் படைக்கு மனுப் போட்டான். மதராஸுக்கு மிச்சம் வந்து சேர்ந்தது. பட்டாலியனின் தரம் குறைந்ததும் பழி சிப்பாயின் ரத்தத்தின் மேல் விழுந்தது. நம் கட்டுரையாளர் இந்த வட்டத்தின் கடைசி வளைவை மட்டும் பார்த்துவிட்டு, தரம் குறைந்திருந்ததே என்கிறார். குறைந்துதான் இருந்தது. குறைத்தது யார்?

அடுத்தது டாங்கா. இதுதான் அவருடைய துருப்புச் சீட்டு. 1914 நவம்பரில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் அந்தத் துறைமுகத்தில் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி கலைந்து ஓடியதை மூன்று பத்தி எழுதியிருக்கிறார். ஓடியது மெய், நான் மறைக்கப் போவதில்லை. அவர் மறைத்ததைச் சொல்கிறேன். கப்பலில் வாரக்கணக்கில் அடைந்து வந்த, ஒன்றாகச் சண்டையிட்டுப் பழகாத படை அது. தாக்குதலுக்கு முன்பே, துறைமுகத்தைத் தாக்குவதில்லை என்ற பழைய உடன்பாடு இனிச் செல்லாது என்று ஆங்கிலேயக் கப்பல் கேப்டனே கரைக்குப் போய் எதிரிக்கு அறிவித்தார். தளபதி எய்ட்கன் சரியாக வேவு பார்க்காமல் படையைப் புதருக்குள் தள்ளினார். எதிரே இருந்த ஜெர்மானியத் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கிடம் ஏறக்குறைய ஆயிரம் பேர், இவரிடம் எட்டாயிரம். தேனீக்கள் வேறு கலைந்து வந்து கொட்டின. முதல் நாள் தாக்குதலில் அடி வாங்கிப் பின்வாங்கியவர்களில் 13வது ராஜபுத்திரர்களும் உண்டு. இந்தப் பெயர் அவருடைய மூன்று பத்தியில் எங்கேயும் இல்லை. 1922 மறுசீரமைப்பில் அவர்களுக்கு ராஜபுதனா ரைஃபிள்ஸுக்குள் இடம் கிடைத்தது. பாளையங்கோட்டைக்காரர்களுக்குப் புதிய அமைப்பில் இடமே கிடைக்கவில்லை. ஒருவன் பின்வாங்கினால் அது அன்றைய தளபதியின் தவறு, இன்னொருவன் ஓடினால் அது அவன் பாட்டன் காலத்துக் குறை!

ஆள் வரவில்லை என்பது அடுத்த புகார். முதல் உலகப் போரில் மதராஸ் மாகாணம் அனுப்பிய போர்வீரர்கள் மட்டும் 51,000க்கு மேல். பஞ்சாபின் மூன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் முப்பது ஆண்டாக ஒரு வீட்டின் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே வந்துவிட்டு, உள்ளே யாரும் வரவில்லையே என்று வாசலில் நின்று கணக்கெடுப்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் ரத்தத்தில் குறை என்ற வாதத்தை உடைக்க ஒரே ஒரு படைப்பிரிவு போதும். மதராஸ் சாப்பர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படை. காலாட்படைக்கு ஆள் எடுத்த அதே தமிழ், தெலுங்கு மாவட்டங்களில்தான் அதற்கும் ஆள் எடுத்தார்கள். அதை யாரும் கலைக்கவில்லை, கலைக்கத் துணியவில்லை. பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் பல சமயம் காலாட்படைக்கும் முன்னால், குண்டு மழைக்குள் செய்கிற வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, கண்ணிவெடி அகற்றும் குழுவில் இருந்த சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப் போகும் கண்ணியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் பெற்றார், அதைப் பெற்ற முதல் இந்தியர். காஞ்சிபுரம் பக்கத்து மனிதர். காலாட்படைக்குப் போனால் கோழை, சாப்பர்ஸுக்குப் போனால் வீரன் என்று ஒரே ஊர் ஆட்களைப் பிரிக்கும் வித்தையைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

தெற்கு மட்டும் அடிபட்டது என்றும் நான் சொல்லவில்லை. பம்பாய்ப் படையில் தலைமுறை தலைமுறையாக இருந்த மகார்களின் ஆள்சேர்ப்பை 1890களில் நிறுத்தினார்கள். அம்பேத்கரின் தந்தை அந்த ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். போருக்கு ஆள் போதாமல் 1917இல் 111வது மகார் படையை எழுப்பினார்கள், ஆபத்து நீங்கியதும் 1921இல் கலைத்தார்கள். நம் பக்கம் பறையர் குடும்பங்களுக்கும் சிப்பாய் வேலை சம்பளம், பென்ஷன், பிள்ளைக்குப் படிப்பு என்று சேரியை விட்டு வெளியேறும் சில வழிகளில் ஒன்றாக இருந்தது. மதராஸ் பட்டாலியன்கள் மூடியபோது அந்த வழியும் அடைபட்டது. கட்டுரையாளரின் சிக்கனக் கணக்கில் இந்தச் செலவு எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது அவருடைய கடைசிப் பத்தி. மதராஸ் படைகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மரபே இல்லை, அதனால் இழப்பும் இல்லை என்கிறார். அப்படியென்றால் மறுசீரமைப்பில் முதல் இரண்டு எண்களும் பஞ்சாபுக்குப் போனது எப்படி என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கலாம். 62வது பஞ்சாபிகள் என்று 1903இல் பெயர் பெற்ற பட்டாலியன், 1759இல் மதராஸ் கரையோரச் சிப்பாய்களாக எழுப்பப்பட்டது. அதன் ஆட்களை 1902இல் மாற்றி வடக்கத்தியரைச் சேர்த்தார்கள், அடுத்த ஆண்டு பெயரை மாற்றினார்கள். 66, 67, 69, 72, 74 என்று வரிசையாக இதே கதை. ஆளை மாற்றினார்கள், வயதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அந்த வயதுதான் பஞ்சாப் ரெஜிமென்ட்களுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது. 1781இல் ஹைதர் அலியை எதிர்த்து ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் நடத்திய சோளிங்கர் சண்டையின் போர்விருது, கர்நாடகப் போர், மைசூர்ப் போர் விருதுகளோடு சேர்ந்து முதலாம் பஞ்சாப் ரெஜிமென்டின் பட்டியலில் ஏறியது. அந்த ரெஜிமென்ட் 1947இல் பாகிஸ்தானுக்குப் போய், 1956இல் அங்கே மற்ற மூன்று பஞ்சாப் ரெஜிமென்ட்களோடு இணைக்கப்பட்டது. இன்றும் அது தன் பிறந்த ஆண்டு 1759 என்கிறது. மரபே இல்லாத படையிடமிருந்து எதை வாரிசாக எடுத்துக்கொண்டார்கள்?

1941 வந்தது. ராணுவத்தைப் பெருக்க வேண்டிய நெருக்கடி. மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள், மகார் ரெஜிமென்டையும் அதே ஆண்டில் எழுப்பினார்கள். சுமார் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் தென்னாட்டு மக்களின் ரத்தத்தில் என்ன மாற்றம் நேர்ந்தது என்று கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதட்டும். எழுதும்போது 13வது ராஜபுத்திரர்களையும் ஒரு பத்தியில் சேர்த்துக்கொள்ளட்டும்.