வளைந்த முதுகு யாருக்காக?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் ஒரே குரலில் ஓதுகின்றனர். வளைந்த முதுகு யாருக்குப் பயன்படும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

பாடசாலையில் உடல்தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005இலேயே தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியதென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் "அடித்தாவது படிப்பியுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் உளர்.

மறுபுறம், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கும் செல்லம். அன்பு போலத் தோன்றும் அதற்கும் விலை உண்டு: ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளிகள்! பிரம்பு அச்சத்தால் வாயை அடைக்கிறது. செல்லம் கையூட்டால் அடைக்கிறது. இரண்டிலும் பிள்ளை பெற்றோரின் முதலீடே. பிரம்பு, மேலதிகாரி முன் கைகட்டி நிற்கும் ஊழியனை ஆக்கும். செல்லம், எளியவரை அதட்டும் அதிகாரியை ஆக்கும். சுரண்டும் சமுதாயத்துக்கு இருவரும் வேண்டியவரே.

காரணம் கூறும் கண்டிப்பும், கேள்வி கேட்க விடும் அன்புமே பிள்ளையை மனிதனாக்கும். 1945இல் வந்த இலவசக் கல்வி பள்ளிக் கதவைத் திறந்தது. வகுப்பறையில் வாய் திறக்கும் உரிமையை வழங்குவது, ஆசிரியத் தோழர்களே, நம் கடன்!