பனியைத் தேடிப் போகுமுன் உயரத்தைக் கேளுங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு ஐரோப்பா செல்ல நினைக்கும் பினாங்குக் குடும்பங்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலுள்ள நாணய மாற்றுக் கடைகளில் யூரோவும் சுவிஸ் பிராங்கும் என்ன விலை என்று விசாரிப்பதுண்டு. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடுவது இன்று மாணவர் பலரின் ஆசை. அதில் தவறில்லை. 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. அங்கே ஜெஃப்ரி வெப் நம் கொடிக்காகப் பனிச்சறுக்கில் இறங்கினார். 2022-இல் பெய்ஜிங்கில் அருவின் சலேஹுடினும் அவருடன் சேர்ந்தார்.

ஆனால், பயணத்துக்குத் திட்டமிடும்போது எல்லாரும் விலையைக் கேட்கிறோம், உயரத்தைக் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது உயரத்தைத்தான் என்பது என் கருத்து.

காரணம் எளிது. மேலே செல்லச் செல்ல, 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. 833 மீட்டர் உயரமுள்ள நம் கொடிமலை, ஜார்ஜ்டவுனைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ச்சியாக இருப்பது இதனால்தான். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவட ஊர்தி 3,883 மீட்டர் வரை ஏறுகிறது. கணக்குப் போடுங்கள்: ஏறத்தாழ 15 டிகிரி வேறுபாடு! ஊரில் மழை பெய்யும் அதே நாளில் உச்சியில் பனி பொழியும். எனவே, தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுத்தால், பெற்றோர் பல ஆண்டு சேமித்த பணம் சேற்றைப் பார்ப்பதில் கரைந்துவிடலாம்.

இந்த ஆபத்து வளர்ந்து வருகிறது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களை ஆராய்ந்தது. புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனியின் துணையின்றி அவற்றில் 53 விழுக்காடு கடுமையான பனிப் பற்றாக்குறை அபாயத்தைச் சந்திக்கும் என்கிறது அது. உயரமும் முழு உத்தரவாதமன்று. 2022-இல் செர்மாட் பனியாற்றில் நடக்கவிருந்த உலகக் கிண்ணப் போட்டிகள் போதிய பனியின்றி ரத்தாயின. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்துப் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

"இயந்திரத்தால் பனி செய்யலாமே?" என்று கேட்பீர்கள். அந்த இயந்திரம் நீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சுகிறது. துளிகள் தரையைத் தொடுமுன் உறைய வேண்டும். அதற்கும் வெளிக்காற்று போதிய அளவு குளிர்ந்தும் வறண்டும் இருக்க வேண்டும். ஏராளமான நீரும் மின்சாரமும் தேவை.

"உருகுமுன் பார்த்துவிடுங்கள்" என்று ஆசை காட்டும் விளம்பரங்கள்தாம் எனக்கு உடன்பாடில்லாதவை. சுவிட்சர்லாந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போய்வரும் ஒவ்வொருவர் பங்குக்கும் விமானம் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அவசரமாக ஓடிப்போய்ப் பார்ப்பவர்களே உருகுதலுக்குத் துணைபோகிறார்கள்.

போகவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. போனால் உயரமான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே பல நாள் தங்குங்கள். பத்து நாளில் ஐந்து நாடு என்று பறக்காதீர்கள். ஐரோப்பாவுக்குள் ரயிலில் செல்லுங்கள்.

போக வசதியில்லாத மாணவர்களே, நீங்கள் எதையும் இழக்கவில்லை. 1923 முதல் ஓடும் கொடிமலை ரயிலின் இன்றைய அமைப்பை உருவாக்கியது, ஆல்ப்ஸ் மலைக்குக் கம்பிவட ஊர்திகள் செய்யும் சுவிஸ் நிறுவனமான கரவெண்டாதான். ஒரு வெப்பமானியுடன் அதில் ஏறுங்கள். அடிவாரத்திலும் உச்சியிலும் நிழலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 6.5 என்ற எண்ணுக்கு உங்கள் விடை எவ்வளவு நெருக்கம்? ஈரப்பதம் மிகுந்த நாளில் வேறுபாடு ஏன் குறைகிறது? இதைக் கண்டறிந்தவர், எந்தப் பனிமலை விளம்பரத்தையும் சரியாக எடைபோடுவார்.